கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு கடல்

(அறிவியல் மன்றத்தின் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர்)

கடற்கரை ஊரில் வாழும் நமக்குக் கடல் புதிதன்று. வலை இழுப்பதையும், மீன் ஏலம் போவதையும், ஊருக்கு வெளியே உப்பளங்களில் வெண்குவியல்கள் எழுவதையும் சிறு வயது முதலே கண்டு வருகிறோம். ஆயினும், "கடல்நீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது?" என்று யாரேனும் கேட்டால், நம்மில் பலர் "நிறைய இருக்கிறது" என்று மட்டுமே சொல்வோம். கடல்மீனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க விரும்புவோருக்கு அந்த விடை போதாது. எண்ணாலே விடை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

வரும் கல்வியாண்டில் நம் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி அமைப்பதென்று மன்றத்தில் முடிவு செய்துள்ளோம். அதில் இரண்டு கோமாளி மீன்கள் வாழும். அப்போது நாங்கள் இப்பள்ளியில் இருக்க மாட்டோம். அவற்றைக் காக்கும் பொறுப்பு கீழ்வகுப்புத் தங்கையரைச் சேரும். மீன் வாய் திறந்து குறை சொல்லாது. "இன்று நீர் உப்பாக இருக்கிறது" என்று நம்மிடம் முறையிடாது. அதற்காக நாம்தான் அளந்து அறிய வேண்டும். ஆகவே, நாங்கள் படித்தும், கேட்டும், கணக்கிட்டும் தெரிந்துகொண்டவற்றை இங்கே பாடமாக எழுதி வைக்கிறோம்.

1. கடல்நீரில் என்ன இருக்கிறது?

திறந்த பெருங்கடலின் நீர் 1,000 கிராம் எடுத்தால், அதில் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கும். இதையே "ஆயிரத்தில் 35" என்கிறோம். எல்லாக் கடலும் ஒன்றுபோல் இராது. வெயில் மிகுந்து, ஆறுகள் குறைந்த செங்கடலில் இது 40 வரை செல்கிறது. ஆறுகள் பல கலக்கும் பால்டிக் கடலின் மேற்பரப்பில் 7 அல்லது 8 அளவே இருக்கும். கங்கையும் பிரம்மபுத்திராவும் வந்து சேர்வதால் வங்கக் கடலின் வடபகுதி அரபிக்கடலைவிட உப்புக் குறைந்தது.

இந்த 35 கிராமும் நம் சமையலறை உப்பு என்று எண்ணிவிடக் கூடாது. அதில் குளோரைடு 19 கிராமுக்குச் சற்று மேல், சோடியம் 10.8 கிராம் அளவு, சல்பேட் 2.7, மக்னீசியம் 1.3, கால்சியமும் பொட்டாசியமும் தலைக்கு 0.4 கிராம். இந்த ஆறும் சேர்ந்தாலே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் ஆகிவிடும்.

1872 முதல் 1876 வரை 'சாலஞ்சர்' என்னும் ஆங்கிலக் கப்பல் உலகக் கடல்களைச் சுற்றி ஆய்வு நடத்தியது. அது கொண்டுவந்த நீரில் 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் என்ற வேதியியலார் பகுத்தாய்ந்து, 1884இல் முடிவுகளை வெளியிட்டார். திறந்த கடலில் மொத்த உப்பின் அளவு இடத்துக்கு இடம் மாறினாலும், அதிலுள்ள முக்கியப் பொருள்கள் ஒன்றுக்கொன்று கொண்டுள்ள விகிதம் மாறுவதில்லை என்பது அதனால் உறுதியாயிற்று. நம் தொட்டிக்கும் இதில் பாடம் உண்டு. மொத்த அளவும் சரியாக இருக்க வேண்டும். விகிதமும் சரியாக இருக்க வேண்டும்.

2. உப்பு மாறினால் உயிருக்கு என்ன?

சவ்வூடு பரவலைப் பற்றி வகுப்பில் படித்திருக்கிறோம். மெல்லிய சவ்வின் இருபுறமும் கரைசல்கள் இருந்தால், செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு நீர் செல்லும். உலர்ந்த திராட்சையை நீரில் இட்டால் உப்புவதும், நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவினால் நீர் விடுவதும் இதனால்தான்.

எலும்புடைய கடல்மீனின் இரத்தம், கடல்நீரின் செறிவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உடையது. எனவே அதன் உடலிலுள்ள நீர் செவுள் வழியே ஓயாமல் வெளியேறிக்கொண்டிருக்கிறது. கடலுக்குள்ளே இருந்துகொண்டே தாகத்தால் வருந்தும் நிலை அது! இழந்த நீரை ஈடுசெய்ய மீன் கடல்நீரைக் குடிக்கிறது. கூடவே வரும் மிகை உப்பைச் செவுளிலுள்ள சிறப்புச் செல்கள் வெளியே தள்ளுகின்றன. சிறுநீரையும் மிகக் குறைவாகவே கழிக்கிறது. நன்னீர் மீனுக்கோ நிலைமை நேர்மாறு. அதன் உடலுக்குள் நீர் புகுந்துகொண்டே இருப்பதால், அது நீர்த்த சிறுநீரை மிகுதியாகக் கழிக்கிறது.

இந்த வேலைகளுக்கெல்லாம் மீன் தன் உடலாற்றலைச் செலவிடுகிறது. தொட்டியின் உப்பு திடீரென ஏறினாலும் இறங்கினாலும் அந்தச் சமநிலை குலையும். மீன் இரை எடுக்காமல் ஒடுங்கும். நோய் எளிதில் பற்றும். நட்சத்திர மீன் போன்ற முட்தோலிகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவற்றின் உடல்நீரும் வெளிநீரும் ஏறத்தாழ ஒரே செறிவுடையவை. மாற்றத்தைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. மீன் தாங்கும் மாற்றத்தைக்கூட அவை தாங்கா.

3. வழிகாட்டிய பெண்மணிகள்

கண்ணாடித் தொட்டியில் கடலுயிரை வளர்த்த கதையில் பெண்களுக்குச் சிறந்த இடம் உண்டு என்பதைத் தோழியர் அறிய வேண்டும். பிரான்சில் பிறந்த ஜான் வில்ப்ரே பவர் அம்மையார் முதலில் ஆடை தைக்கும் தொழில் செய்தவர். சிசிலித் தீவின் மெசினா நகரில் குடியேறிய பின், கடலுயிர்களை ஆராய 1832இல் கண்ணாடித் தொட்டிகளை அமைத்தார். ஆர்கோநாட் என்னும் எண்காலி தன் ஓட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்பதை அவற்றின் துணையால் மெய்ப்பித்தார்.

1846இல் ஆனா தின் என்னும் அம்மையார் இங்கிலாந்தின் கடற்கரையிலிருந்து பவளவுயிர்களை லண்டனுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். காற்றுப் பம்பு இல்லாத காலம் அது. நாள்தோறும் திறந்த சன்னலின் முன் நீரைப் பாத்திரத்துக்குப் பாத்திரம் ஊற்றி ஆற்றச் செய்து காற்றூட்டினார். பின்னர் 1850களில் பிலிப் காஸ் என்பார், சாதாரண உப்புடன் மக்னீசியம், பொட்டாசியம் உப்புகளையும் சேர்த்துச் செயற்கைக் கடல்நீர் செய்யும் முறையை வெளியிட்டார். கடலுக்குத் தொலைவில் உள்ளவர்களும் கடலுயிர் வளர்க்க அது வழி திறந்தது.

4. எந்த உப்பைப் பயன்படுத்துவது?

"நம் ஊரிலேதான் உப்பு மலைபோல் குவிந்திருக்கிறதே! ஒரு மூட்டை வாங்கிக் கரைத்தால் என்ன?" என்று தங்கையர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. விடையை உப்பளத்திலேயே தேடுவோம்.

பாத்தியில் கடல்நீர் வெயிலில் வற்ற வற்ற, அதிலுள்ள பொருள்கள் எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் கால்சியம் கார்பனேட் படிகிறது. அடுத்து ஜிப்சம் படிகிறது. கடல்நீர் போமே அளவுகோலில் ஏறத்தாழ மூன்றரை டிகிரி. அது 25 டிகிரியை எட்டும்போதுதான் சாதாரண உப்பு பூக்கத் தொடங்குகிறது. உப்பை வாரிய பின் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியமும் பொட்டாசியமும் தங்கிவிடுகின்றன. ஆகவே நாம் வாங்கும் உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. கால்சியம் முன்னமே பிரிந்துவிட்டது. மக்னீசியம் பின்னே நின்றுவிட்டது. சமையலுக்கு அது சிறந்த உப்பு. கடலுயிருக்கோ குறையுடைய உப்பு. அதைக் கரைத்து மொத்த அளவை 35 ஆக்கினாலும், விகிதம் கடலின் விகிதமாகாது. கடைப் பொட்டல உப்பில் கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்களும் உண்டு.

எனவே வழிகள் இரண்டு. ஒன்று, கடல் மீன்தொட்டிக்கென்றே விற்கும் செயற்கைக் கடல் உப்பு. மற்றொன்று, இயற்கைக் கடல்நீர். பின்னதை எடுப்பதானால் ஆற்றுமுகம், சாக்கடை வாய், படகுத்துறை ஆகியவற்றிலிருந்து விலகிய தூய இடத்தில் எடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர நீரில் மழைநீரும் வெள்ளமும் கலந்திருக்கும். கடல்நீர்தானே என்று நம்பி அளக்காமல் ஊற்றலாகாது. நம் தொட்டிக்குச் செயற்கை உப்பையே பரிந்துரைக்கிறோம். அது ஆண்டு முழுவதும் ஒரே தன்மையில் கிடைக்கும்.

5. எவ்வளவு உப்பு? கணக்கிட்டுப் பார்ப்போம்

நாம் வாங்கவிருக்கும் தொட்டியின் நீளம் 60, அகலம் 30, உயரம் 30 சென்டிமீட்டர்.

60 × 30 × 30 = 54,000 கன சென்டிமீட்டர். அதாவது 54 லிட்டர்.

ஆனால் தொட்டியை விளிம்பு வரை நிரப்புவதில்லை. மணலும் கல்லும் இடம் பிடிக்கும். உண்மையில் கொள்ளும் நீர் 45 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். வாளியால் அளந்து ஊற்றி, சரியான அளவைத் தொட்டியின் பின்புறம் எழுதி வைப்பது நல்லது. இனி வரும் எல்லாக் கணக்குக்கும் அந்த எண்தான் அடிப்படை.

லிட்டருக்கு 35 கிராம் வீதம், 45 × 35 = 1,575 கிராம்.

இது தொடக்கக் கணக்கே. செயற்கை உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதன் எடையில் ஒரு பகுதி நீராக இருக்கும். ஆதலால் முடிவில் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம். முதலில் 1,575 கிராம் கரைத்து, அளந்து பார்த்து, பிறகு சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். கூடிய உப்பைக் குறைப்பதைவிடக் குறைந்த உப்பைக் கூட்டுவது எளிது.

6. கலக்கும் முறை

(அ) நீர்: குழாய் நீரில் குளோரின் இருக்கும், அது செவுளைப் புண்ணாக்கும். ஆழ்குழாய் நீரிலோ முன்பே உப்புகள் கரைந்திருக்கும். ஆகவே எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் வடித்த நீரே தக்கது.

(ஆ) பாத்திரம்: உணவுக்கு உரிய தூய பிளாஸ்டிக் தொட்டி. சோப்பு பட்ட வாளியும், இரும்பு, செம்பு, பித்தளைப் பாத்திரங்களும் கூடா. செம்பு சிறிதளவே கரைந்தாலும் இறால் போன்ற உயிர்களுக்கு நஞ்சு.

(இ) வரிசை: முதலில் நீர், பிறகு உப்பு. உப்பைக் கொட்டி அதன்மேல் சிறிது நீர் ஊற்றினால், அடியில் செறிவு மிகுந்து கால்சியம் வெண்படிவாகப் பிரிந்துவிடும். அது பின்னர் எளிதில் கரையாது.

(ஈ) நேரம்: காற்றுப் பம்பை இட்டு ஒரு நாள் முழுவதும் கலங்க விட வேண்டும். நீர் தெளிந்த பின்னரே அளக்க வேண்டும்.

(உ) மீன் இருக்கும் தொட்டிக்குள் உலர் உப்பை ஒருபோதும் போடலாகாது. உப்புப் பரல் பட்ட இடம் உயிருக்குப் புண்ணாகும்.

7. அளப்பது எப்படி?

நாவால் சுவைத்து அளவு சொல்ல முடியாது. ஆர்க்கிமிடீசின் தத்துவம் இங்கே துணை செய்கிறது. உப்புக் கூடினால் நீரின் அடர்த்தி கூடும். மிதக்கும் பொருள் உயர்ந்து நிற்கும். இதை அளக்கும் கருவியே திரவமானி. இக்கருவிக்கும் ஒரு பெண்மணிக்கும் தொடர்பு உண்டு. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முன், பிற்காலத்தில் ஆயராக விளங்கிய சினேசியுஸ், தம் ஆசிரியையான அலெக்சாந்திரிய நகரத்து ஹைபேசியாவுக்குக் கடிதம் எழுதி, நீரின் கனத்தை அளக்கும் கருவியொன்றைச் செய்து தரக் கேட்டார். கோடுகள் கீறிய குழலும், அதை நிமிர்த்தி வைக்க அடியில் எடையும் கொண்டது அது. இன்று நம் ஆய்வுக்கூட அலமாரியில் உள்ள திரவமானியும் அதே அமைப்புடையதுதான்.

ஆயிரத்தில் 35 உப்புடைய நீரின் ஒப்படர்த்தி 25 டிகிரி செல்சியசில் 1.0264. இந்த எண்ணை மனத்தில் பதித்துக்கொள்வோம். அளக்கும்போது கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, வெப்பநிலை. சூடேறிய நீர் விரிந்து அடர்த்தி குறையும். 25 டிகிரிக்கென அளவிடப்பட்ட திரவமானியை 30 டிகிரி நீரில் இட்டால், சரியான நீரும் 1.025 அளவுக்கே காட்டும். அதை நம்பி உப்பைச் சேர்த்தால் ஆயிரத்தில் 2 பங்கு மிகையாகிவிடும். எனவே கருவியில் எழுதியுள்ள வெப்பநிலையைப் படித்து, நீரை அதற்குக் கொண்டுவந்து அளக்க வேண்டும்.

இரண்டாவது, காற்றுக் குமிழி. கருவியில் ஒட்டிய குமிழி அதை மேலே தூக்கும். அளவு மிகையாகத் தோன்றும்.

மூன்றாவது, உப்புப் படிவு. கழுவாமல் வைத்த கருவியில் படிந்த உப்பு அதைக் கீழே அழுத்தும். அளவு குறைவாகத் தோன்றும். ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவித் துடைக்க வேண்டும்.

நான்காவது, பார்வை. நீர் கண்ணாடித் தண்டில் ஏறி வளைந்து நிற்கும். அந்த வளைவின் உச்சியைப் பாராமல், தட்டையான நீர்மட்டத்துக்குக் கண்ணை இணையாக வைத்துப் படிக்க வேண்டும்.

கருவியே சரிதானா என்று சோதிக்கவும் எளிய வழி உண்டு. தூய, உலர்ந்த சோடியம் குளோரைடு 37 கிராமை 963 கிராம் வாலைவடிநீரில் கரைத்தால், அதன் ஒப்படர்த்தி 1.0264 ஆகும். இக்கரைசலில் இடும்போது கருவி வேறு எண்ணைக் காட்டினால், அந்த வேறுபாட்டைக் குறித்துவைத்து எப்போதும் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் ஆய்வுக்கூடத் தராசும் உப்பும் இதற்குப் போதும். ஒளிவிலகல்மானி வாங்கினால் அதற்கான சோதனைக் கரைசலில் உப்பு 36.5 கிராம், நீர் 963.5 கிராம்.

வேதியியல் பிரிவுத் தோழியர் தரம்பார்த்தல் முறையாலும் சரிபார்க்கலாம். பொட்டாசியம் குரோமேட்டை நிறங்காட்டியாக வைத்து, வெள்ளி நைட்ரேட்டால் குளோரைடை அளந்து, ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று கண்டு, அதை 1.80655 ஆல் பெருக்கினால் மொத்த உப்பு கிடைக்கும். விகிதம் மாறுவதில்லை என்ற டிட்மாரின் முடிவுதான் இதற்கும் அடிப்படை. கடலாய்வாளர்கள் நீண்ட காலம் இம்முறையையே கையாண்டார்கள். இன்று மின்கடத்து திறனை அளக்கிறார்கள்.

8. ஆவியாகும் நீரை எதனால் ஈடுசெய்வது?

எல்லாப் பாடத்திலும் இதுவே தலையானது. நம் ஊர் வெயிலிலும் மின்விசிறிக் காற்றிலும் தொட்டி நீர் விரைவில் வற்றும். நீர்தான் போகும், உப்பு போகாது. உப்பளத்தைப் பார்த்தவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

45 லிட்டரில் 3 லிட்டர் வற்றினால், அதே 1,575 கிராம் உப்பு 42 லிட்டரில் நிற்கும். 1,575 ÷ 42 = 37.5. அப்போது, "கடல்மீன் ஆயிற்றே" என்று 3 லிட்டர் உப்புநீரை ஊற்றினால் என்ன ஆகும்? மேலும் 105 கிராம் உப்பு சேரும். மட்டம் பழையபடி நிற்கும், கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தோன்றும், உப்போ 37.3 ஆகியிருக்கும். இப்படி ஐந்து வாரம் செய்தால் 2,100 ÷ 45, அதாவது 46.7! செங்கடலையும் மிஞ்சிவிடும்.

ஆகவே விதி இது: வற்றியதற்கு நன்னீர், மாற்றி ஊற்றுவதற்கு உப்புநீர். பழைய நீரை எடுத்துவிட்டுப் புதிது ஊற்றும்போது மட்டுமே, முன்கூட்டிக் கலந்து அளந்த உப்புநீரைப் பயன்படுத்த வேண்டும். தொட்டியின் மேல் மட்டக்கோடு ஒன்று வரைந்து, நாள்தோறும் காலையில் அக்கோடு வரை வடித்த நீரை மெல்ல ஊற்ற வேண்டும்.

9. அளவு தவறினால் திருத்துவது

உப்பு 38 ஆகிவிட்டது என்போம். 35க்குக் கொண்டுவர, 45 × 3 ÷ 38 = ஏறத்தாழ மூன்றரை லிட்டர் தொட்டி நீரை எடுத்துவிட்டு, அவ்வளவு நன்னீரைச் சேர்க்க வேண்டும். உப்பு 32 ஆகக் குறைந்திருந்தால், 45 × 3 = 135 கிராம் உப்பைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே வெளியில் கரைத்துத் தெளிவித்துச் சேர்க்க வேண்டும்.

ஆனால் தொட்டியில் உயிர் இருக்குமானால் அவசரம் கூடாது. ஒரு நாளில் ஆயிரத்தில் 1 பங்குக்கு மேல் மாற்றாமல், மூன்று நாள்களாகப் பிரித்துச் செய்ய வேண்டும். தவறான அளவு செய்யும் தீங்கைவிட, விரைந்த மாற்றம் செய்யும் தீங்கு பல வேளைகளில் பெரிது.

10. மீன் வரும் நாள்

உப்பு சரியாகிவிட்ட அன்றே மீனை விடலாகாது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் மணலிலும் கல்லிலும் பெருகச் சில வாரங்கள் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று சோதனையில் தெரிந்த பிறகே மீன். காத்திருக்கும் அந்நாள்களை வீணென்று எண்ண வேண்டாம். நாள்தோறும் அளந்து, எவ்வளவு நீர் வற்றுகிறது என்று பழகிக்கொள்ளும் காலம் அது. கைப்பழக்கம் வந்த பின் உயிரை வரவேற்பதே முறை.

மீன் வந்த பையின் நீரையும் அளக்க வேண்டும். அதன் உப்பு நம் தொட்டியினும் குறைவாக இருக்கக்கூடும். பையை மிதக்கவிட்டு வெப்பநிலையை ஒத்துவரச் செய்து, பிறகு தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகப் பையில் சேர்த்து, இரண்டின் அளவும் நெருங்கிய பின் மீனை மட்டும் எடுத்து விட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடற்பகுதி 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளங்களும் கடற்குதிரைகளும் கடல் அட்டைகளும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளன. அழகாயிருக்கிறதென்று கடலிலிருந்து எதையும் எடுத்துவந்து நம் தொட்டியில் விடலாகாது. கோமாளி மீனைக் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ளது. அப்படிப் பண்ணையில் பிறந்த குஞ்சுகளையே நாம் வாங்குவோம்.

11. தங்கையருக்கு ஒரு பயிற்சி

(1) 150 லிட்டர் நீர் கொண்ட தொட்டியில் உப்பு 35. அதில் 6 லிட்டர் வற்றினால் உப்பு எவ்வளவு? எதை, எவ்வளவு ஊற்ற வேண்டும்?

(2) திரவமானியைச் சோதனைக் கரைசலில் இட்டபோது 1.0254 காட்டிற்று. தொட்டியில் 1.0250 காட்டுகிறது. தொட்டியின் உண்மை ஒப்படர்த்தி என்ன?

(விடை: 1. ஏறத்தாழ 36.5, நன்னீர் 6 லிட்டர். 2. 1.0260.)

தொட்டியின் அருகே ஒரு குறிப்பேடு வைக்கப்படும். நாள், வெப்பநிலை, ஒப்படர்த்தி, ஊற்றிய நன்னீர், அளந்தவர் பெயர் என ஐந்து கட்டங்கள் கோடிட்டுத் தந்துள்ளோம். கோடை விடுமுறையிலும் அக்கட்டங்கள் வெறுமையாக இருக்கக் கூடாது. பக்கத்துத் தெருக்களில் வசிப்போர் முறைவைத்து வந்து பார்க்க வேண்டும். கடலில் அலையும் மழையும் ஆறும் சேர்ந்து செய்யும் வேலையை, 45 லிட்டர் நீரில் ஒரு மாணவி நாள்தோறும் ஐந்து நிமிடத்தில் செய்துவிடலாம். ஆனால் அதை ஒருநாளும் மறவாமல் செய்ய வேண்டும். அந்த நம்பிக்கையோடு குறிப்பேட்டை உங்களிடம் ஒப்படைக்கிறோம்.